காந்த இரட்டை விண்மீன்களைப் புற ஊதாவில் கண்டுபிடித்து வகைப்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெண்குள்ளன் (எரிந்து ஓய்ந்த விண்மீனின் சுருங்கிய கரு) ஒன்றும் செங்குள்ளன் (சிறிய, குளிர்ந்த விண்மீன்) ஒன்றும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. செங்குள்ளனின் வாயு வெண்குள்ளனின் மேல் கொட்டுகிறது. வெண்குள்ளனுக்கு வலுவான காந்தப்புலம் இருந்தால் அந்த வாயு காந்தக் கோடுகளின் வழியே போய்த் துருவத்தை ஒட்டி விழும். விழும் இடம் கொதித்துப் புற ஊதாவில் பளிச்சென்று தெரியும். சூரியனிலிருந்து சுமார் 490 ஒளியாண்டுக்குள் (150 பார்செக்) இருக்கும், இப்படி வாயு கொட்டும் இரட்டைகளைக் கணக்கெடுத்தபோது மூன்றில் ஒன்றுக்கு மேல் காந்தம் கொண்டவையாக இருந்தன. ஆகவே தேடினால் கிடைக்கும்.

புற ஊதா நிறத்தை வைத்து ‘இங்கே சூடான பொருள் ஒன்று இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லலாம். அதற்குக் காந்தம் உண்டா, எந்த வகை என்பதெல்லாம் அதன் ஒளி எந்தக் கால இடைவெளியில் ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து வரும். புதிதாக வருகிறவர்கள் நிறத்தைப் பார்த்ததுமே வகைப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். அதைத் தவிர்க்கும்படிதான் கீழே உள்ள படிகளின் வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எந்த வகைகளைப் பிரிக்கப் போகிறோம்

முதல் வகை போலார். இதன் காந்தப்புலம் ஏறத்தாழ 10 முதல் 230 மெகா காஸ் வரை இருக்கும் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு; மெகா காஸ் பத்து லட்சம் காஸ்). புலத்தின் பிடியில் வெண்குள்ளனின் தற்சுழற்சியும் இரட்டையின் சுற்றுக்காலமும் ஒன்றாகிவிடும். வெண்குள்ளனைச் சுற்றி வாயு வட்டு உருவாகாது, வாயு நேராகத் துருவத்துக்குப் போகும். மாதிரி விண்மீன் ஏஎம் ஹெர்குலிஸ். சுற்றுக்காலம் 3.09 மணி, புலம் சுமார் 14 மெகா காஸ்.

இரண்டாவது வகை இன்டர்மீடியட் போலார். புலம் பெரும்பாலும் 1 முதல் 10 மெகா காஸ் அளவில்தான் இருக்கும் என்று கருதப்படுகிறது. வட்டு இருக்கும், அதன் உள்விளிம்பைக் காந்தம் அரித்திருக்கும். வெண்குள்ளன் சுற்றுக்காலத்தைவிட வேகமாகத் தன்னைத்தானே சுற்றும். எஃப்ஓ அக்வாரி நல்ல எடுத்துக்காட்டு. அதன் சுற்றுக்காலம் 4.85 மணி, தற்சுழற்சி 20.9 நிமிடம்.

இவற்றோடு சில தனிப்பிறவிகளும் உண்டு. ஏஈ அக்வாரியின் வெண்குள்ளன் 33 வினாடிக்கு ஒருமுறை சுழன்று, வரும் வாயுவில் பெரும்பகுதியை வெளியே வீசி எறிகிறது. ஏஆர் ஸ்கார்ப்பியில் வெண்குள்ளன் ஏறத்தாழ 117 வினாடிக்கு ஒருமுறை சுழல்கிறது. வாயு விழுவதற்கான அடையாளமே அங்கே இல்லை. இவற்றின் பெயரை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 6, 7-ஆவது படிகளில் தேவைப்படும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்ட்ரோபை, லைட்கர்வ் ஆகிய இரண்டு தொகுப்புகளும், பட்டியல்களை ஒட்டிப் பார்க்க டாப்கேட் மென்பொருளும் போதும். எல்லாம் இலவசம். சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

அடுத்து, ஏற்கெனவே தெரிந்தவற்றின் பட்டியல் வேண்டும். சிம்பாட் (விண்பொருள்களின் தரவுத்தளம்), விஎஸ்எக்ஸ் (ஒளி மாறும் விண்மீன்களின் பட்டியல்), இத்தகைய இரட்டைகளைத் தொகுத்த ரிட்டர்–கோல்ப் பட்டியலின் கடைசிப் பதிப்பு இவை மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் இறங்கினால், பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த விண்மீனை நீங்கள் ‘புதிதாக’க் கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கெல்லாம் மேலாக, தெரிந்த ஒரு விண்மீனில் கை பழக வேண்டும். எஃப்ஓ அக்வாரியைக் கெப்ளர் விண்கலம் அதன் கே2 திட்டத்தின் 3-ஆம் சுற்றில் தொடர்ச்சியாகக் கவனித்தது. அந்த ஒளி வளைகோட்டை (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) மாஸ்ட் என்ற விண்வெளித் தரவுக் காப்பகத்திலிருந்து எடுத்து, 4.85 மணியும் 20.9 நிமிடமும் உங்கள் நிரலில் வருகிறதா என்று பாருங்கள். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தது, புற ஊதா கிடையாது, பரவாயில்லை. இடைவெளி இல்லாத தரவில் சரியான விடை எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு இடைவெளி நிறைந்த புற ஊதாத் தரவில் எது போலி என்று கண்ணுக்குப் பிடிபடும்.

3. எந்தக் கருவியின் தரவு

தேடுவதற்குக் காலெக்ஸ், துருவிப் பார்ப்பதற்கு யூவிட் அல்லது ஸ்விஃப்ட்; மூன்றும் விண்வெளியிலிருந்து புற ஊதாவில் பார்த்தவை. இதுதான் என் பரிந்துரை.

காலெக்ஸ் 2003 முதல் 2013 வரை வானத்தின் பெரும்பகுதியைப் படம் எடுத்தது. தொலைப் புற ஊதா (அலைநீளம் ஏறத்தாழ 1350–1750 ஆங்ஸ்ட்ராம்), அண்மைப் புற ஊதா (1750–2750) என இரண்டு பட்டைகள். தொலைப் புற ஊதாக் கருவி 2009 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த புலங்களில் அண்மைப் பட்டை மட்டுமே இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பார்த்து ‘தொலைப் புற ஊதாவில் ஒளியே இல்லை, குளிர்ந்த விண்மீன்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். படம் எடுத்த தேதியை எப்போதும் ஒரு நெடுவரிசையாகப் பட்டியலில் வைத்திருங்கள்.

யூவிட் நம் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்டது. படத்தின் கூர்மை 1.5 விகலைக்கும் குறைவு (விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). காலெக்ஸில் இது 4 முதல் 5 விகலை. விண்மீன்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் இந்த வேறுபாடுதான் காப்பாற்றும். அண்மைப் புற ஊதாப் பகுதி 2018-க்குப் பிறகு இயங்கவில்லை, தொலைப் பகுதி தொடர்ந்தது. தரவை இஸ்ரோவின் ஆஸ்ட்ரோபிரவுஸ் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஒளி வளைகோடு எடுக்கக் கர்விட் என்ற பைத்தான் தொகுப்பும் உண்டு.

ஸ்விஃப்ட் விண்கலத்தில் புற ஊதாக் கருவியோடு எக்ஸ் கதிர்க் கருவியும் ஒரே நேரத்தில் அதே இடத்தைப் பார்க்கும். வகைப்படுத்தலில் இது பெரிய உதவி. ஆனால் அதன் யூவிடபிள்யூ1, யூவிடபிள்யூ2 வடிகட்டிகளில் சிவப்பு ஒளி கொஞ்சம் கசியும். செங்குள்ளன் பிரகாசமாக இருக்கும் இரட்டையில் அந்தக் கசிவையே புற ஊதா என்று எண்ணிவிடலாம். கசிவு மிகக் குறைவாக உள்ள யூவிஎம்2-ஐ முதலில் பாருங்கள்.

4. வேட்பாளர் பட்டியலைத் தயாரித்தல்

விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் வெளியீட்டிலிருந்து (2022) தொடங்குங்கள், காலெக்ஸிலிருந்து தொடங்காதீர்கள். காரணம் தூரம். இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு) தெரிந்தால்தான் தூரமும் அதிலிருந்து உண்மைப் பிரகாசமும் தெரியும். அது தெரியாவிட்டால் குவேசார்களும் (வெகு தொலைவில் உள்ள விண்மீன் திரள்களின் பிரகாசமான மையங்கள்) இந்த இரட்டைகளும் புற ஊதா நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

நிறம்–பிரகாச வரைபடத்தில் சாதாரண விண்மீன்கள் நிற்கும் முதன்மை வரிசைக்கும் வெண்குள்ளன் வரிசைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு தெரியும். நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அங்கேதான். வட்டு உள்ள இன்டர்மீடியட் போலார்கள் பிரகாசமானவை என்பதால் முதன்மை வரிசைப் பக்கம் ஒட்டி நிற்கும். வட்டு இல்லாத போலார்கள் கீழே, வெண்குள்ளன்கள் பக்கம் இறங்கியிருக்கும். எனவே எல்லைக்கோட்டை இறுக்கிப் போடாதீர்கள்.

இப்போது கையாப் பட்டியலைக் காலெக்ஸோடு பொருத்துங்கள். இங்கே ஒரு சின்ன வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கையாவின் இடங்கள் 2016-ஆம் ஆண்டுக்கானவை. காலெக்ஸ் படம் அதற்குப் பத்தாண்டு முன்புகூட எடுத்ததாக இருக்கலாம். நமக்கு அருகில் உள்ள இரட்டை ஆண்டுக்கு 0.1 விகலை நகர்ந்தால் இந்த இடைவெளியில் 1 விகலை தள்ளிப் போயிருக்கும். விண்மீனின் நகர்வைக் கணக்கிட்டு, படம் எடுத்த ஆண்டுக்கு இடத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோய், அப்புறம் 3 விகலைக்குள் பொருத்துங்கள். நகர்வைக் கணக்கில் எடுக்காமல் ஆரத்தை 6, 7 விகலை என்று அகட்டினால் பக்கத்து விண்மீன்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

தரவின் தரத்தையும் இங்கேயே சலித்துவிடுங்கள். காலெக்ஸ் புலத்தின் விட்டம் 1.2 பாகை. மையத்திலிருந்து 0.55 பாகைக்கு அப்பால் உள்ளவற்றை நீக்குங்கள். ஓரத்தில் ஒளிப் பிரதிபலிப்புகளும் உருக்குலைந்த பிம்பங்களும் அதிகம். தொலைப் பட்டையில் 13.7, அண்மைப் பட்டையில் 13.9 பொலிவெண்ணைவிடப் பிரகாசமானவற்றில் (பொலிவெண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) கருவி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். அவற்றைத் தனியே குறித்து வையுங்கள்.

பிறகு நிறம். சூடான மூலங்களில் தொலை–அண்மை நிற வேறுபாடு (தொலைப் பட்டைப் பொலிவெண்ணிலிருந்து அண்மைப் பட்டைப் பொலிவெண்ணைக் கழித்தது) சுழியைச் சுற்றியோ அதற்குக் கீழோ வரும். முதல் சலிப்பில் 1 வரைக்கும் விடுங்கள். வாயு வரத்து குறைந்த போலாரில் வெண்குள்ளனே ஏறத்தாழ 10,000 கெல்வினுக்குக் குளிர்ந்திருக்கும். நிறம் சிவந்து காட்டும். இறுக்கிப் பிடித்தால் முதலில் வெளியேறுவது அவைதான்.

விண்மீனிடைத் தூசியைப் பற்றி ஒரு நல்ல செய்தி. நம் பால்வெளியின் சராசரித் தூசி இந்த இரண்டு பட்டைகளையும் ஏறக்குறைய ஒரே அளவு மங்கச் செய்கிறது. அதனால் அந்த நிற வேறுபாட்டைப் பெரிதாகத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் புற ஊதாவுக்கும் கையாவின் ஒளிக்கும் இடையிலான நிறம் அப்படி இல்லை. புற ஊதா மங்கல் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மங்கலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கும். அதைத் திருத்தாமல் விடக்கூடாது.

5. போலிகளைக் களைதல்

இது நீளமான வேலையில்லை, ஆனால் ஒளி வளைகோடு எடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் தேவையில்லாத மூலங்களில் நாட்கணக்கில் உழைப்பு போகும்.

இடமாறு தோற்றமும் நகர்வும் சுழிக்கு அருகில் இருந்தால் குவேசாராக இருக்க வாய்ப்பு அதிகம். வெண்குள்ளன் வரிசைக்கு மேலே பிரகாசமாக, மிக நீலமாக, ஒளி மாறாமல் இருந்தால் சூடான துணைக்குள்ளன் (ஹைட்ரஜன் உறையைப் பெரும்பாலும் இழந்த சிறிய விண்மீன்). வாயுப் பரிமாற்றமே இல்லாத வெண்குள்ளன்–செங்குள்ளன் இணைகள் அதிகம் ஏமாற்றுபவை. அவை நிறத்தில் அப்படியே போலார்தான். வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கும் இசட்டிஎஃப் போன்ற தரை நோக்கீடுகளில் பல ஆண்டு ஒளிப் பதிவைப் பாருங்கள். ஒன்றிரண்டு பொலிவெண் அளவுக்கு மாதக்கணக்கில் மேலும் கீழும் போய் வந்தால் வாயு வரத்து உண்டு என்று பொருள். மட்டமான கோடாக இருந்தால் பட்டியலில் கடைசிக்குத் தள்ளுங்கள், நீக்க வேண்டாம்.

தனித்த செங்குள்ளன்களின் வெடிப்புகளும் சில நிமிடங்களுக்குப் புற ஊதாவில் கொழுந்துவிட்டு எரியும். ஒரே ஒரு படத்தில் மட்டும் பிரகாசமாக இருந்து, மற்ற எல்லாவற்றிலும் காணாமல் போனால் அதைச் சந்தேகப்படுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். காலெக்ஸின் முழு வான நோக்கீட்டில் ஒரு புலத்துக்குக் கிடைத்த நேரம் 100 வினாடி அளவுதான். எச்யூ அக்வாரி போன்ற மறைப்புள்ள போலார்களில், செங்குள்ளன் முன்னே வந்து வெண்குள்ளனைப் பத்து நிமிடம் போல மறைத்துவிடும். அந்த நேரத்தில் எடுத்த படத்தில் விண்மீன் இருக்காது. ஒரு வருகையில் தெரியவில்லை என்பதற்காக யாரையும் வெளியே தள்ளாதீர்கள்.

6. ஒளி வளைகோடு எடுத்தல்

பட்டியலில் இருக்கும் பொலிவெண் ஒரு சராசரி. நமக்கு வேண்டியது ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரம். காலெக்ஸ், யூவிட் இரண்டுமே ஃபோட்டான்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தவை. ஜிபோட்டான் போன்ற கருவி கொண்டு காலெக்ஸ் பதிவிலிருந்து விரும்பிய இடைவெளியில் எண்ணிக்கையை எடுக்கலாம்.

இடைவெளியைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். 20 நிமிடத் தற்சுழற்சிக்கு 30 வினாடி போதும். ஏஈ அக்வாரி போன்றதாக இருந்தால் 30 வினாடிப் பெட்டிக்குள் முழுத் துடிப்பும் கரைந்து காணாமல் போகும். மூலம் பிரகாசமாக இருந்தால் 5 வினாடியில் ஒன்று, 30 வினாடியில் ஒன்று என இரண்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும், ஒளி மாறாத இரண்டு மூன்று விண்மீன்களுக்கும் அதே முறையில் வளைகோடு எடுங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த படியில் விண்மீனையும் கருவியையும் பிரிக்க வழியே இருக்காது.

அடுத்து நேரத் திருத்தம். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி நம்மை அடையும் நேரம் ஆண்டு முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். சூரியப் பாதைத் தளத்துக்கு அருகில் உள்ள விண்மீனுக்கு இது முன்னும் பின்னும் 8.3 நிமிடம் வரை போகும். 20.9 நிமிடத் துடிப்பில் 8 நிமிடம் என்பது மூன்றில் ஒரு சுற்றுக்கு மேல். வெவ்வேறு மாதங்களில் எடுத்த தரவை இந்தத் திருத்தம் இல்லாமல் கோத்தால் துடிப்பு சிதறிவிடும். ஆஸ்ட்ரோபையில் சூரியக் குடும்ப நிறைமையத்துக்கு நேரத்தை மாற்றச் சில வரிகளே போதும். எல்லாக் கருவிகளின் தரவையும் அந்த ஒரே நேர முறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

7. காலங்களைத் தேடுதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

இடைவெளி உள்ள தரவில் திரும்பத் திரும்ப வரும் காலத்தைத் தேட லாம்ப்–ஸ்கார்கிள் என்ற கணித முறை பொருந்தும். அதிர்வெண்ணை ‘ஒரு நாளைக்கு எத்தனை சுற்று’ என்ற அலகில் வையுங்கள். காலங்களைக் கூட்டிக் கழிக்க முடியாது, அதிர்வெண்களைக் கூட்டிக் கழிக்கலாம் என்பதால் வேலை எளிதாகும்.

எஃப்ஓ அக்வாரியை அப்படி எழுதிப் பார்ப்போம். தற்சுழற்சி 20.9 நிமிடம், 1440-ஐ அதால் வகுத்தால் நாளைக்கு ஏறத்தாழ 68.9 சுற்று. சுற்றுக்காலம் 4.85 மணி, நாளைக்கு 4.95 சுற்று. இரண்டையும் கழித்தால் 63.9, அதாவது 22.5 நிமிடம். இந்த மூன்றாவது எண் எங்கிருந்து வருகிறது? வெண்குள்ளன் துருவ விளக்கைச் சுழற்றுகிறது; அந்த ஒளி இரட்டையோடு சேர்ந்து நகரும் ஒரு பகுதியில், உதாரணமாகச் செங்குள்ளனின் முகத்தில், பட்டுத் திரும்புகிறது. அந்தப் பகுதி நகர்ந்துகொண்டே இருப்பதால் அடுத்த முறை ஒளி அதன்மேல் படக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது. ஆகவே 68.9, 63.9, 4.95 மூன்றும் ஒரே விண்மீனில் சேர்ந்து வந்து, கழித்தல் கணக்கும் பொருந்தினால், அது இன்டர்மீடியட் போலார் என்பதற்கு மிக வலுவான சான்று. போலாரில் ஒரே ஒரு காலமும் அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கு போன்ற கிளைகளும் மட்டும்தான் இருக்கும்.

இப்போது பொறிகள். மூன்றையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் பொறி விண்கலத்தின் சொந்தச் சுற்று. காலெக்ஸ் பூமியை 98.6 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் இருட்டான பகுதியில் அரை மணி நேரம் போலத்தான் பார்த்தது. ஆகவே உண்மையான ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் இரண்டு பக்கமும் 14.6 தள்ளிப் போலிகள் முளைக்கும். எஃப்ஓ அக்வாரியில் உண்மையான இடைவெளி 4.95 என்பதால் பிரித்தறிய முடியும். ஈஎக்ஸ் ஹைட்ராவைப் பாருங்கள். அதன் சுற்றுக்காலம் 98.26 நிமிடம், தற்சுழற்சி 67.03 நிமிடம். நாளைக்கு 14.66, 21.48. கழித்தால் 6.83. விண்கலம் உண்டாக்கும் போலியோ 21.48-இலிருந்து 14.60-ஐக் கழித்த 6.88! இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.05 தான். பிரித்துக் காட்ட ஏறத்தாழ 20 நாள் நீளமுள்ள தரவு வேண்டும். அதோடு, அடுத்தடுத்த வருகைகளில் விண்மீனின் சுற்றில் ஏறக்குறைய அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். சுற்றுக்காலம் 90 முதல் 100 நிமிடத்துக்குள் வரும் வேட்பாளர் கிடைத்தால் தாழ்ந்த பாதையில் சுற்றும் ஒரே விண்கலத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். யூவிட்டும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. டெஸ் விண்கலம் போல நாள்கணக்கில் இடைவிடாமல் பார்க்கும் கலத்தின் தரவு இருந்தால் சேருங்கள். டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி 21 விகலை அகலம், பக்கத்து விண்மீன்களின் ஒளியும் அதில் கலக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது பொறி 2 நிமிடத் துடிப்பு. காலெக்ஸ் ஒரே புள்ளியை அழுத்திப் பார்க்காமல் ஏறத்தாழ 120 வினாடிக்கு ஒருமுறை சிறு சுருளாகத் தன் பார்வையை நகர்த்திக்கொண்டே இருந்தது. காணும் கருவியின் உணர்திறன் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுவதால் ஒளியிலும் 120 வினாடித் துடிப்பு வந்துவிடும். ஏஆர் ஸ்கார்ப்பியின் 117 வினாடி நினைவிருக்கிறதா? அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற உற்சாகம் வரும்போது, 6-ஆவது படியில் எடுத்து வைத்த பக்கத்து விண்மீன்களின் வளைகோட்டைப் பாருங்கள். அவற்றிலும் அதே துடிப்பு இருந்தால் அது கருவியின் வேலை.

மூன்றாவது பொறி நிகழ்தகவு எண். வாயு விழும் எந்த இரட்டையிலும் ஒளி நிமிடக்கணக்கில் ஒழுங்கில்லாமல் துடிக்கும். மென்பொருள் தரும் ‘தவறாக இருக்க வாய்ப்பு’ எண்ணோ, ஒவ்வொரு புள்ளியின் பிழையும் தனித்தனி என்ற நினைப்பில் கணக்கிட்டது. இந்தத் துடிப்பில் அது செல்லாது. மிகச் சிறிய எண்ணைக் காட்டி ஏமாற்றும். தரவை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியில் வந்த அதிர்வெண் இரண்டாம் பாதியிலும் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். உண்மையான தற்சுழற்சி அசையாது. வட்டின் ஒழுங்கற்ற துடிப்பு இடம் மாறிவிடும். காந்தமே இல்லாத இரட்டைகள் இன்டர்மீடியட் போலார் பட்டியலில் ஏறுவது பெரும்பாலும் இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

8. ஒளி வளைகோட்டின் வடிவத்தைப் படித்தல்

கிடைத்த காலத்தில் தரவை மடித்துப் பாருங்கள். தொலைப் பட்டை, அண்மைப் பட்டை, தரையில் எடுத்த ஒளி எல்லாவற்றையும் ஒரே அச்சில் வையுங்கள்.

போலாரில் வாயு விழும் துருவத்தைச் சுற்றி ஒரு சூடான திட்டு உருவாகும். அது நம் பக்கம் திரும்பும்போது புற ஊதா ஏறும், மறையும்போது இறங்கும். ஏற்ற இறக்கம் தொலைப் பட்டையில் அதிகமாகவும் அண்மைப் பட்டையில் குறைவாகவும் இருந்தால் அது வெப்பத் திட்டு என்று நம்பலாம். சூடு கூடுதலான பகுதிதான் குறுகிய அலைநீளத்தில் ஓங்கும்.

இதில் புற ஊதாவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வாயு வரத்து கிட்டத்தட்ட நின்றுபோன தாழ்நிலையிலும் அந்தத் திட்டு சூடாகவே இருக்கும். ஈஎஃப் எரிடனி 1997-இல் தாழ்நிலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. அந்தச் சமயத்தில் எடுத்த காலெக்ஸ் வளைகோட்டில் அதன் 81 நிமிடச் சுற்றுக்காலத்தில் திட்டின் ஏற்ற இறக்கம் தெளிவாக வந்தது. எக்ஸ் கதிரில் ஓய்ந்து கிடக்கும் போலார்களைப் பிடிக்கப் புற ஊதாவைப்போல வசதியான வழி வேறு அதிகம் இல்லை. ஆகவே விண்மீன் இப்போது உச்சநிலையிலா தாழ்நிலையிலா என்பதை ஒவ்வொரு வளைகோட்டின் மேலும் எழுதி வையுங்கள். இரண்டு நிலைகளின் தரவைக் கலந்து மடித்தால் எந்த வடிவமும் மிஞ்சாது.

அண்மைப் பட்டையின் ஏற்ற இறக்கம் தொலைப் பட்டையோடு ஒத்துப்போகாமல் தனி வழியில் போனால் சைக்ளோட்ரான் ஒளியை (காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள் உமிழ்வது) நினைத்துப் பாருங்கள். இதன் அடிப்படை அலைநீளத்தை மைக்ரோமீட்டரில் பெற 107-ஐ மெகா காஸில் உள்ள புலத்தால் வகுத்தால் போதும். 14 மெகா காஸுக்கு 7.6 மைக்ரோமீட்டர், அகச்சிவப்பில் வெகு தூரம். ஏஆர் உர்சா மேஜரிஸின் 230 மெகா காஸுக்கு 0.47; அதன் இரண்டாம் படி (பாதி அலைநீளம்) 0.23 மைக்ரோமீட்டர், நேராக அண்மைப் புற ஊதாவில் விழும். எனவே இந்த விளக்கத்தை மிக வலுவான புலங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. நிறமாலை

நிறமாலை கிடைத்தால் வேலை பாதி குறையும். ஹப்பிள், ஐயூஈ ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் காப்பகங்களில் விண்மீனின் பெயரையோ இடத்தையோ தட்டிப் பாருங்கள். ஐயூஈ 1978 முதல் 1996 வரை எடுத்தவை இன்றும் பயன்படும். பார்க்க வேண்டிய கோடுகள் நைட்ரஜனின் 1240, சிலிக்கானின் 1400, கார்பனின் 1550, ஹீலியத்தின் 1640 ஆங்ஸ்ட்ராம். உச்சநிலைப் போலாரில் இவை உமிழ்கோடுகளாக ஓங்கி நிற்கும். கார்பன் கோடு வலுவிழந்து நைட்ரஜன் ஓங்கினால் அதைக் காந்தத்தின் அடையாளமாக எடுக்க வேண்டாம். ஏஈ அக்வாரியில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் காந்தம் இல்லாத சில இரட்டைகளிலும் இருக்கிறது. அது செங்குள்ளனின் பழைய வாழ்க்கையைச் சொல்லும் செய்தி.

புற ஊதா நிறமாலை இல்லாவிட்டால் தரைத் தொலைநோக்கி போதும். 4686 ஆங்ஸ்ட்ராம் ஹீலியம் கோடு, ஹைட்ரஜனின் எச்-பீட்டாக் கோட்டில் 0.4 பங்குக்கு மேல் இருந்தால் காந்தம் இருக்க நல்ல வாய்ப்பு. ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி இதற்குப் பொருத்தமானது. நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

10. வகைப்படுத்தும் வரிசை

இப்போதுதான் பெயர் சூட்டலாம். கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்.

வாயு பரிமாற்றம் நடக்கிறதா? நிலை மாற்றமோ உமிழ்கோடோ இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள்.

நிலையான காலங்கள் எத்தனை? ஒன்று மட்டும் என்றால் போலார் வேட்பாளர். இரண்டும் அவற்றின் கழித்தலும் பொருந்தினால் இன்டர்மீடியட் போலார் வேட்பாளர். இரண்டு காலங்கள் ஓரிரு விழுக்காடு மட்டும் வேறுபட்டால் பூட்டு நழுவிய (தற்சுழற்சியும் சுற்றுக்காலமும் சற்றே விலகிய) போலாராக இருக்கலாம். 1975-இல் நோவாவாக வெடித்த வி1500 சிக்னி அதன்பின் அப்படி இருந்தது.

எக்ஸ் கதிர் என்ன சொல்கிறது? இன்டர்மீடியட் போலாரில் கடின (ஆற்றல் மிகுந்த) எக்ஸ் கதிர் ஓங்கும், அதிலும் தற்சுழற்சித் துடிப்பு இருக்கும். போலாரில் மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிர் மிகுந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் போலார் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மென் கதிர் மிகுதி இல்லாத போலார்கள் பலவற்றை எக்ஸ்எம்எம்–நியூட்டன் என்ற எக்ஸ் கதிர் விண்கலம் காட்டியிருக்கிறது.

வட்ட முனைவாக்கம் (ஒளி அலையின் அதிர்வுத் திசை சுழல்வது) அளந்தாயிற்றா? போலாருக்கு இதுதான் இறுதிச் சான்று. புற ஊதாவில் எவ்வளவு அழகான வளைகோடு வைத்திருந்தாலும், முனைவாக்கமோ சைக்ளோட்ரான் படிகளோ காந்தத்தால் பிளவுபட்ட நிறமாலைக் கோடுகளோ கிடைக்கும்வரை ‘போலார் வேட்பாளர்’ என்றே எழுதுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. உறுதி என்று எழுதிப் பட்டியலில் ஏறிவிட்ட தவறான பெயரை நீக்கப் பிறகு யாரோ ஒருவர் இரவுகளைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

11. பதிவு

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கையா எண், காலெக்ஸ் படத் தேதிகள், நிலை, கிடைத்த அதிர்வெண்கள், அவற்றில் எவை விண்கலப் போலியாக இருக்கலாம், பக்கத்து விண்மீன்களின் சோதனை முடிவு, இன்னும் வேண்டிய சான்று ஆகியவற்றை எழுதுங்கள். நீக்கியவற்றையும் காரணத்தோடு வைத்திருங்கள். இன்று மட்டமாகக் கிடக்கும் கோடு அடுத்த ஆண்டு உச்சநிலைக்கு எழும்பலாம். ஈஎஃப் எரிடனியே இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2022-இன் இறுதியில்தான் மறுபடி பிரகாசமானது. நீக்கிய பட்டியலை இசட்டிஎஃப் தரவோடு சில மாதங்களுக்கு ஒருமுறை ஒட்டிப் பார்க்கச் சின்ன நிரல் ஒன்றை எழுதி ஓடவிடுங்கள். ஸ்விஃப்ட் அப்போது நோக்கீடுகளை ஏற்றுக்கொண்டிருந்தால், எழும்பியது தெரிந்த அன்றே அதற்கு அவசர விண்ணப்பம் அனுப்பலாம். புற ஊதாவும் எக்ஸ் கதிரும் ஒரே நோக்கீட்டில் கிடைத்துவிடும்.